கிணறு அந்தப் பக்கம், பாசி இந்தப் பக்கம்: மன்னார்க் கடலுக்கு எந்த ஏற்பாடு உதவும்?

மண்டபம், தொண்டிப் பக்கம் போனால் கரையோரக் கடலில் மூங்கில் மிதவைகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. மிதவைக்கு இருபது கயிறு, கயிறு முழுக்கக் கொத்துக் கொத்தாகக் காப்பாஃபைகஸ் பாசி. பெப்சி நிறுவனம் இங்கே தொடங்கி வைத்த சாகுபடி இது. அந்த நிறுவனம் விலகிப் பல வருஷம் ஆகியும் சில ஊர்களில் இதற்குப் 'பெப்சி பாசி' என்றே பேர். நாற்பத்தைந்து நாளில் அறுப்பு. அறுத்ததில் ஒரு பங்கை விதைப்பாசியாக எடுத்து மறுபடி கயிற்றில் முடிந்துவிடுவார்கள். ஆகவே பாசி ஒரு தடவை செத்தால் அந்த அறுப்போடு அடுத்த அறுப்புக்கான விதையும் போய்விடும்.

இந்தோனேசியாவின் தென்கோடியில் ரோட்டே என்று ஒரு தீவு. அங்கேயும், பக்கத்துக் குப்பாங் கரையிலும், பாசி வளர்ப்புதான் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைப்பு. 2009 ஆகஸ்ட் 21 அன்று, அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, ஆஸ்திரேலியக் கடல் எல்லைக்குள் இருந்த மொன்டாரா எண்ணெய் வயலில் ஒரு கிணறு பீறிட்டது. கிணற்றை நடத்தியது தாய்லாந்து நிறுவனம் ஒன்றின் ஆஸ்திரேலியக் கிளை. எண்ணெய் 74 நாள் கொட்டியது. பக்கவாட்டில் இன்னொரு கிணறு தோண்டி அதன் வழியாக அடைக்கப் பார்த்தார்கள். நான்கு தடவை குறி தப்பி ஐந்தாவது தடவைதான் கிணறு அகப்பட்டது. அகப்பட்ட அன்றே மேலே நின்ற ரிக்கில், அதாவது கிணறு தோண்டும் மேடையில், தீப்பிடித்தது.

ரோட்டேயில் பாசி வெளுத்தது, அழுகியது. எங்கள் எண்ணெய் அந்தக் கரைக்கு வரவே இல்லை என்று நிறுவனம் மறுத்தது. ஒரு வழக்கறிஞரும், வழக்குச் செலவுக்கு முதல் போட ஒரு நிதி நிறுவனமும் கிடைத்த பிறகு, 2016ல் 15,000க்கும் மேற்பட்ட பாசிக்காரர்கள் சார்பில் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றத்தில் கூட்டு வழக்குப் போடப்பட்டது. 2021 மார்ச்சில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 2022 நவம்பரில் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு சமரசம். கணக்குப் பாருங்கள், பதின்மூன்று வருஷம்.

இத்தனைக்கும் அந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே உடன்பாடே இல்லாமல் இல்லை. எண்ணெய் கொட்டினால் சேர்ந்து துப்புரவு செய்வதற்கு 1996லேயே ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். யாருக்கு யார் பணம் தருவது என்பதற்குத்தான் அதில் இடம் இல்லை.

இந்தக் கதையை நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். கடலடி எண்ணெய், எரிவாயு எடுப்பதைக் கட்டுப்படுத்த நாடுகள் எப்படிச் சேரலாம் என்பதற்கு நாலைந்து வழிகள் பேசப்படுகின்றன. அவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். மன்னார் வளைகுடாவில் இலங்கைப் பக்கமோ இந்தியப் பக்கமோ ஒரு கிணறு பீறிட்டால், எதிர்க்கரைப் பாசிக்காரிக்கும் மீனவருக்கும் எது உதவும்? அதைத்தான் நான் கேட்கப் போகிறேன்.

வெறும் கற்பனைக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. 2011ல் மன்னார்ப் படுகையின் இலங்கைப் பக்கத்தில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமான கடலில் கிணறு தோண்டினார்கள். தோண்டியது இந்திய நிறுவனம் ஒன்றின் இலங்கைக் கிளையான கெய்ர்ன் லங்கா, தோண்டப் பயன்பட்டது சிக்யூ என்ற ஜப்பானிய ஆய்வுக் கப்பல். டொராடோ, பாரகுடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு தென்பட்டது. பிறகு அந்த நிறுவனம் விலகிக்கொண்டது, வாயு இன்னும் கீழேயே இருக்கிறது. இந்தப் பக்கம், கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடல் வட்டாரங்களை ஒன்றிய அரசு 2024ல் ஏலத்துக்குக் கொண்டுவந்தது. கடற்கரை ஊர்களில் அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: எரிவாயுக் கிணறு பீறிட்டால் கச்சா எண்ணெய் மாதிரி கரையெல்லாம் தார் அப்பிக்கொள்ளாது. ஆனால் அடுத்த கிணற்றில் வாயுதான் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

உலகம் முழுவதற்கும் ஒரே உடன்படிக்கை

கேட்க நன்றாக இருக்கும் வழி இதுதான். கப்பல்களுக்கு இது நடந்திருக்கிறது. 1967ல் டோரி கேன்யன் என்ற டேங்கர் இங்கிலாந்துக் கரையில் மோதியது. இரண்டே வருஷத்தில் டேங்கர் எண்ணெய் மாசுக்கான இழப்பீட்டு உடன்படிக்கை தயாராகி, அப்புறம் அதற்கென்று ஒரு பன்னாட்டு நிதியும் வந்தது. இந்தியா, இலங்கை இரண்டுமே அந்த 1992 நிதியில் உறுப்பு நாடுகள். ஆகவே மன்னார்க் கடலில் ஒரு டேங்கர் உடைந்தால் 20.3 கோடி எஸ்.டி.ஆர் வரை (இது ஐ.எம்.எஃப் என்ற பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) இழப்பீட்டுக்கு வழி உண்டு. அதே கடலில் அதே எண்ணெய் ஒரு கிணற்றிலிருந்து வந்தால் அந்த நிதியிலிருந்து ஒரு காசு கிடைக்காது. பாசிக்கு இரண்டும் ஒரே எண்ணெய்தான்.

ஏன் இந்தப் பாகுபாடு? கப்பல் ஊர் ஊராகப் போகும். ஒரு நாட்டின் கொடியைக் கட்டிக்கொண்டு பத்து நாட்டுத் துறைமுகத்துக்குள் நுழையும். பொது விதி இல்லாவிட்டால் வியாபாரமே நடக்காது. கிணறு அப்படியில்லை, ஒரு நாட்டின் கண்டத்திட்டில் ஊன்றி நிற்கிறது. என் மண், என் எண்ணெய், என் சட்டம் என்று ஒவ்வொரு அரசும் நினைக்கிறது. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 208வது பிரிவு இதைப் பற்றிப் பேசத்தான் செய்கிறது. கடற்படுகை வேலைகளால் வரும் மாசைத் தடுக்கக் கரையோர நாடுகள் சட்டம் போட வேண்டும், அந்தச் சட்டம் பன்னாட்டு விதிகளைவிடத் தளர்ந்ததாக இருக்கக் கூடாது என்கிறது. சரி, அந்தப் பன்னாட்டு விதிகள் எங்கே என்று தேடினால் கை வெறுங்கையாகத்தான் திரும்பும்.

முயற்சி நடக்காமல் இல்லை. பிரிட்டனுக்கும் நார்வேக்கும் நடுவிலுள்ள வடகடலைச் சுற்றிய நாடுகள் 1977ல் லண்டனில் கடலடி எண்ணெய்க்கென்றே ஓர் இழப்பீட்டு உடன்படிக்கை எழுதின. அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. நடமாடும் ரிக்குகளுக்காகக் கடல் சட்ட வல்லுநர்கள் 1977ல் ஒரு வரைவும் 1994ல் இன்னொன்றும் தயாரித்தார்கள், இரண்டும் அலமாரியில் இருக்கின்றன. மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற ரிக் வெடித்த 2010ல், டொராண்டோ ஜி20 மாநாட்டை ஒட்டி ரஷ்ய அதிபர் மெத்வெதேவ் உலக அளவில் ஓர் ஏற்பாடு வேண்டும் என்றார். அந்த மாநாட்டு அறிக்கையில் வந்தது, நல்ல நடைமுறைகளைப் பகிர்ந்துகொள்வோம் என்ற வாசகம் மட்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தோனேசியாவின் முயற்சி. மொன்டாராவில் அடிபட்ட நாடு அது. 2010ல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் சட்டக் குழுவுக்குப் போய், எல்லை தாண்டும் கடலடி எண்ணெய் மாசுக்கு இழப்பீட்டு விதி எழுதுங்கள் என்று கேட்டது. இரண்டு வருஷம் பேசினார்கள். எண்ணெய் எடுக்கும் பெரிய நாடுகளுக்கு விருப்பமில்லை, பிரேசில் எதிர்த்துப் பேசியது. கடைசியில் 2012ல் குழு வந்து நின்ற இடம்: உலக உடன்படிக்கை தேவையில்லை, பக்கத்து நாடுகள் தங்களுக்குள் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளட்டும், வேண்டுமானால் அதற்கு வழிகாட்டி எழுதலாம். பாசிக்காரர்களின் வழக்கு அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான் நீதிமன்றத்துக்கே போனது.

ஆகவே உலக உடன்படிக்கையை நான் எதிர்க்கவில்லை. வந்தால் கையெழுத்துப் போடலாம். அதற்காகக் காத்திருப்பது மட்டும் வேண்டாம். 1977லிருந்து கணக்குப் பார்த்தால் நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது.

கடலைச் சுற்றியுள்ள நாடுகள் சேர்வது

வட்டார ஒப்பந்தங்களில் உலகத்துக்கே முன்மாதிரி என்று காட்டப்படுவது வடகிழக்கு அட்லாண்டிக்கின் ஆஸ்பார். பதினைந்து நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் அதில் இருக்கின்றன. கிணற்றிலிருந்து எண்ணெயோடு கூடவே மேலே வரும் நீரைக் கடலில் விடும்போது, ஒரு லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் கலந்திருக்கக் கூடாது என்று அங்கே அளவு வைத்திருக்கிறார்கள். பீறிடும் கிணறு செய்தியாகிவிடும். தினமும் கசியும் நீரை யாரும் படமெடுப்பதில்லை, ஆனால் அதை அளந்து கட்டுப்படுத்த ஆஸ்பாரில் ஆள் இருக்கிறது.

1995ல் பிரென்ட் ஸ்பார் என்ற பழைய மிதவைத் தொட்டியை அட்லாண்டிக்கில் மூழ்கடிக்க ஷெல் நிறுவனம் முடிவு செய்தது. கிரீன்பீஸ்காரர்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள், ஜெர்மனியில் மக்கள் ஷெல் பெட்ரோல் பங்க்குகளைப் புறக்கணித்தார்கள். கடைசியில் தொட்டியை நார்வேக்கு இழுத்துப் போய் வெட்டி, துறைமுகக் கட்டுமானத்துக்கு அடித்தளமாகப் போட்டார்கள். தொட்டிக்குள் எண்ணெய் ஏராளம் இருப்பதாகச் சொன்ன தன் கணக்கு தவறு என்று கிரீன்பீஸ் பிற்பாடு மன்னிப்புக் கேட்டது. கணக்கு தவறினாலும் விளைவு நின்றது: 1998ல் ஆஸ்பார் நாடுகள் பழைய எண்ணெய் மேடைகளைக் கடலில் விட்டுவிட்டுப் போவதற்கே தடை போட்டன. சில கனமான அடித்தளங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஆனால் வடகடலைச் சுற்றி இருப்பவை பணமும் படித்த ஆய்வாளர்களும் உள்ள நாடுகள், ஒன்றையொன்று நம்பும் நாடுகள். மத்தியதரைக் கடலுக்குப் போனாலே நிலைமை வேறு. அங்கே பார்சிலோனா உடன்படிக்கையின் கீழ் கடலடி எண்ணெய்க்கென்று ஒரு நெறிமுறை 1994ல் மாட்ரிட்டில் கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்தது 2011ல். பதினேழு வருஷம் தாளாகவே கிடந்தது.

நம் கடலுக்கும் வட்டார ஏற்பாடு ஒன்று உண்டு. தெற்காசியச் சுற்றுச்சூழல் கூட்டுறவுத் திட்டத்தின் கீழ், எண்ணெய்க் கசிவு நேர்ந்தால் இந்தியா, இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம், பாகிஸ்தான் ஐந்தும் சேர்ந்து செயல்படுவதற்கான திட்டம் அது. அதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கு இந்திய அமைச்சரவை 2018ல் ஒப்புதல் தந்தது. நல்லதுதான். ஆனால் அதுவும் 1996ன் ஆஸ்திரேலிய ஏற்பாடு மாதிரி, கொட்டிய பிறகு துடைப்பதைப் பற்றியது. கிணற்றில் சிமெண்ட் எப்படிப் போட வேண்டும், பாசிக்காரிக்கு யார் பணம் தருவது என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. தவிர, இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே மேசையில் உட்கார்ந்து கிணற்று விதிகளை எழுதி முடிக்கும் நாளுக்காக மன்னார்ப் பாசி காத்திருக்காது.

துடைக்கும் ஏற்பாட்டையும் நான் மட்டம் தட்டவில்லை. 2020 செப்டம்பரில் இலங்கையின் கிழக்குக் கரையில் நியூ டைமண்ட் என்ற டேங்கர் தீப்பிடித்தது. இருபது லட்சம் பீப்பாய் குவைத் கச்சா எண்ணெயோடு பாராதீப்புக்கு வந்துகொண்டிருந்த கப்பல். இந்தியக் கடலோரக் காவல்படைக் கப்பல்கள் போய் இலங்கைக் கடற்படையோடு சேர்ந்து தீயை அணைத்தன. சரக்கு எண்ணெய் கடலுக்குப் போகாமல் தப்பித்தது. சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இன்னொரு பக்கம் 2017 ஜனவரியில் எண்ணூரில் இரண்டு கப்பல் மோதியபோது, தேசியப் பேரிடர்த் திட்டமெல்லாம் காகிதத்தில் இருக்க, இளைஞர்கள் கரையில் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியால் எண்ணெயை மொண்டு ஊற்றியதையும் பார்த்தோம்.

ஆய்வாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது

இதை நான் முதலில் அலட்சியமாகத்தான் பார்த்தேன். அரசுகளைக் கட்டுப்படுத்தாத ஒரு கழகம் என்ன செய்துவிடும் என்று. பிறகு விபத்து அறிக்கைகளைப் படித்தபோது எண்ணம் மாறியது.

1988 ஜூலை 6 அன்று ஸ்காட்லாந்துக் கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் செத்தார்கள். விசாரித்த கல்லன் பிரபு 106 பரிந்துரை தந்தார். அவற்றின் சாரம் எளிது. அரசாங்க ஆய்வாளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போடுவதை நம்பாதே. எங்கள் மேடையில் என்னென்ன ஆபத்து, ஒவ்வொன்றையும் எப்படித் தடுக்கிறோம் என்று நிறுவனமே நிரூபித்து எழுதிக் காட்டட்டும், அது திருப்தியாக இருந்தால்தான் வேலை நடக்க வேண்டும். நார்வே கிட்டத்தட்ட இதே வழியில் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. 1994ல் இந்த நாடுகளின் கண்காணிப்பு அதிகாரிகள் பன்னாட்டு ஒழுங்காற்றாளர் மன்றம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். உடன்படிக்கை கிடையாது, தண்டனை கிடையாது. விபத்து நடந்தால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள், விபத்துக் கணக்கை ஒரே அளவில் வைத்துக்கொள்வார்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு மொன்டாராவுக்கே திரும்ப வேண்டும். அங்கே கிணற்றின் அடியில் போட்ட சிமெண்ட் சரியாகப் பிடிக்கவில்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டிய அறிகுறி இருந்தும் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை. மேலே போட வேண்டிய இரண்டு மூடிகளில் ஒன்றைப் போடவே இல்லை. கண்காணிக்க வேண்டிய வட்டார அரசுத் துறை, நிறுவனம் அனுப்பிய தாளைப் பார்த்து ஒப்புதல் தந்துகொண்டிருந்தது. எட்டு மாதம் கழித்து 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில், டீப்வாட்டர் ஹொரைசன் தோண்டிக்கொண்டிருந்த மக்கோண்டோ கிணற்றில், மறுபடி சிமெண்ட், மறுபடி தவறாகப் படித்த சோதனை. 11 பேர் செத்தார்கள், 87 நாள் எண்ணெய் கொட்டியது. மொன்டாரா விசாரணை அறிக்கை அரசின் கைக்குப் போனது அந்த ஜூனில், வெளியானது நவம்பரில். ஆய்வாளருக்கு ஆய்வாளர் போன் போட்டுச் சொல்லியிருந்தால் மக்கோண்டோ தப்பித்திருக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்த போன் செல்லும் வழி திறந்திருப்பதற்கு எந்த நாட்டு நாடாளுமன்றமும் ஒப்புதல் தர வேண்டியதில்லை.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 2005 ஜூலை 27, மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயல். பக்கத்தில் நின்ற ஆதரவுக் கப்பலில் சமையல்காரருக்குக் கைவிரல் வெட்டுப்பட்டது. மழைக்காலம், ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை. கிரேன் கூடையில் அவரை மேடைக்கு ஏற்றுவதற்காகக் கப்பலை நெருக்கிக் கொண்டுவந்தார்கள். கொந்தளிப்பில் கப்பல் எரிவாயுக் குழாய் ஒன்றில் மோத, தீப்பற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் மேடையே இல்லாமல் போனது. அன்று அங்கிருந்த 384 பேரில் 22 பேர் பலி. கடல்நடுவே குழாய்க்கு மோதல் தடுப்பு எங்கே வேண்டும் என்பது வடகடல்காரர்கள் அதற்கு முன்பே பலமுறை பேசியிருந்த விஷயம். இந்தியாவில் கடலடிப் பாதுகாப்புக்கான தனி விதிகள் 2008ல் வந்தன.

ஆனால் இந்த வழியில் இரண்டு ஓட்டை. கழகத்துக்கு அனுப்பும் ஆய்வாளர் சொந்த நாட்டில் சுதந்திரமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2010 வரை எண்ணெய் ராயல்டி வசூலித்ததும் பாதுகாப்பைச் சோதித்ததும் ஒரே அலுவலகம். மக்கோண்டோவுக்குப் பிறகுதான் அதைப் பிரித்தார்கள். இந்தியாவில் பாதுகாப்பைப் பார்க்கும் இயக்ககம் இன்றும் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. இலங்கையில் 2021 சட்டம் உருவாக்கிய அதிகாரசபையின் பெயரிலேயே 'பெட்ரோலிய வளர்ச்சி' இருக்கிறது. இரண்டாவது ஓட்டை பெரியது: பாசிக்காரிக்குப் பணம் பெற்றுத் தர இந்தக் கழகத்தால் முடியவே முடியாது.

இரண்டு நாடு மட்டும் உட்கார்ந்து எழுதுவது

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை, ஏனென்றால் இரு நாட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை எண்ணெயைப் பங்கு பிரிக்க எழுதப்பட்டவை. பிரிட்டனும் நார்வேயும் 1976ல் ஃப்ரிக் எரிவாயு வயலைப் பிரித்துக்கொண்டது பாடப்புத்தக உதாரணம். நார்வேயும் ரஷ்யாவும் நாற்பது வருஷம் இழுத்த பேரன்ட்ஸ் கடல் எல்லைத் தகராறை 2010ல் முடித்தபோது, எல்லை தாண்டும் வயல்களை எப்படிச் சேர்ந்து எடுப்பது என்று தனி இணைப்பே வைத்தார்கள்.

நம் கதையும் இதேதான். கச்சத்தீவு என்றால் நமக்குத் தெரிந்த 1974 ஒப்பந்தத்திலும், மன்னார் வளைகுடா எல்லையை வரைந்த 1976 ஒப்பந்தத்திலும் எண்ணெய் பற்றி ஒரு பிரிவு உண்டு. ஒரே எண்ணெய் அல்லது எரிவாயுப் படிவு எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் பரவியிருந்து ஒரு பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டால், எப்படி எடுப்பது, வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்று இரு நாடும் பேசி உடன்பாட்டுக்கு வர முயல வேண்டும் என்கிறது அது. மீனவர் பிரச்சினையிலேயே மூழ்கிப் போனதால் இந்தப் பிரிவை நாம் யாரும் பேசுவதில்லை. பங்கு பிரிக்க ஒரு பிரிவு இருக்கிறது, கொட்டினால் என்ன செய்வது என்று ஒரு வரி கூட இல்லை.

மெக்சிகோவும் அமெரிக்காவும் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டன. 1979 ஜூனில் மெக்சிகோவின் இக்ஸ்டாக் கிணறு பீறிட்டு அடுத்த மார்ச் வரை ஓடியது. எண்ணெய் டெக்சஸ் கரை வரை வந்தது. இழப்பீடு தர மெக்சிகோ மறுத்துவிட்டது. அமெரிக்காவாலேயே வாங்க முடியவில்லை என்றால் ரோட்டே தீவுக்காரர் பதின்மூன்று வருஷத்தில் வாங்கியது சாதனைதான். 1980ல் இரண்டு நாடும் கூட்டுத் துப்புரவுத் திட்டம் போட்டன. 2012ல் எல்லை தாண்டும் வயல்களுக்கான ஒப்பந்தம் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது, எல்லையோர வேலைகளை இரு நாட்டு ஆய்வாளரும் சேர்ந்து சோதிக்க வழி செய்திருப்பது.

இழப்பீட்டுக்கு இரண்டு முன்மாதிரி போதும். ஒன்று, வடகடலில் எண்ணெய் நிறுவனங்களே 1975லிருந்து நடத்தும் ஓப்பால் ஏற்பாடு. 1977 உடன்படிக்கை வரும்வரை தற்காலிகமாக என்று தொடங்கியது. அது வரவேயில்லை, இது நிரந்தரமாகிவிட்டது. கிணறு நடத்தும் நிறுவனம் தவறு செய்ததா இல்லையா என்று நிரூபிக்கத் தேவையில்லாமல் ஒரு விபத்துக்கு 25 கோடி டாலர் வரை பொறுப்பேற்கும், அந்தப் பணம் கையில் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்ட வேண்டும், ஒரு நிறுவனம் கைவிரித்தால் மற்றவை ஈடுகட்டும். இரண்டாவது, டென்மார்க், பின்லாந்து, நார்வே, ஸ்வீடன் நாலும் போட்ட நார்டிக் சுற்றுச்சூழல் உடன்படிக்கை. ஒரு நாட்டில் நடக்கும் வேலையால் பக்கத்து நாட்டுக்காரருக்குப் பாதிப்பு வந்தால், வேலை நடக்கும் நாட்டின் நீதிமன்றத்துக்கு உள்ளூர்க்காரர் போலவே அவரும் போகலாம், இழப்பீட்டிலும் குறைவைக்கக் கூடாது. அது கையெழுத்தானதும் 1974தான். அதே வருஷத்தில் நாம் கோடு மட்டும் போட்டோம்.

இந்த வழியின் சங்கடமும் எனக்குத் தெரியும். அந்த எல்லைக்கோட்டைப் பற்றி டெல்லியும் கொழும்பும் உட்கார்ந்து பேசினாலே இங்கே கச்சத்தீவு எழும், அங்கே இழுவை மடி எழும். பெரிய நாடு சின்ன நாட்டை அழுத்தும் என்ற பயம் கொழும்புக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் எல்லையைத் தொடாமல் மாசு, பாதுகாப்பு, இழப்பீடு மூன்றை மட்டும் தனி ஒப்பந்தமாக எழுதலாம் என்கிறேன். கோடு எங்கே இருந்தாலும் அது செல்லும். அடிபடப்போவது எந்தக் கரை என்பது காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்தது. தென்மேற்குக் காற்றில் ஒரு மாதிரி, வாடைக்காற்றில் வேறு மாதிரி. ஆகவே இரண்டு பேருக்கும் ஒரே அளவு பயம் இருக்கிறது, பேரத்துக்கு அது நல்ல அடித்தளம்.

தோண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு

இதுவும் ஒரு வழிதான், சிலர் இதை மட்டுமே வழி என்பார்கள். அண்டார்டிகாவில் கனிமம் எடுக்கவே கூடாது என்று 1991ல் மாட்ரிட்டில் உலகம் ஒப்புக்கொண்டது. வடகடலில் எண்ணெய் எடுத்துப் பழகிய டென்மார்க்கே 2050க்குள் நிறுத்துவதாக 2020ல் அறிவித்து, அடுத்த வருஷம் கோஸ்டாரிகாவோடு சேர்ந்து எண்ணெய்க்கு அப்பால் போகும் நாடுகளின் கூட்டணியைத் தொடங்கியது. மன்னாரின் 21 தீவுகளும் பவளமும் கடற்பசுவும் உள்ள பகுதிக்குப் பக்கத்தில் ரிக் வரக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் நாம் தோண்டாமல் இருந்து பக்கத்து வீட்டுக்காரர் தோண்டினால் நம் விரதத்தால் என்ன பயன்? தீவுகளைச் சுற்றி இரு பக்கமும் தோண்டாத வளையம் வேண்டுமென்றால் அதையும் இரு நாட்டு ஒப்பந்தத்தில்தான் எழுத முடியும்.

ஆக, வரிசை இப்படி வருகிறது எனக்கு. ஆய்வாளர்களின் தொடர்பை நாளைக்கே தொடங்கலாம், செலவு இல்லை. தெற்காசியத் துப்புரவுத் திட்டத்துக்கு வருஷத்துக்கு ஒரு ஒத்திகையாவது வேண்டும், வாளியோடு நிற்க வேண்டிய நிலை மறுபடி வராமல் இருக்க. மக்கோண்டோவுக்குப் பிறகு பீறிடும் கிணற்றுக்குப் போடுகிற பெரிய மூடிகளை எண்ணெய் நிறுவனங்கள் சேர்ந்து உலகில் சில இடங்களில் தயாராக வைத்திருக்கின்றன. நமக்குக் கிட்டத்தில் இருப்பது சிங்கப்பூரில். அதை இங்கே கொண்டுவந்து இறக்க எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல், எந்தச் சுங்க அனுமதி என்பதை முன்பே எழுதி வைக்கலாம். உலக உடன்படிக்கைக்கு ஜெனீவாவிலும் லண்டனிலும் பேசுகிறவர்கள் பேசட்டும்.

இரு நாட்டு ஒப்பந்தத்தை மட்டும் அடுத்த கிணற்றுக்கு முன் முடிக்க வேண்டும். கிணறு பீறிட்ட பிறகு எந்த அரசும் தன் நிறுவனத்துக்கு எதிராக எழுதாது, அது மெக்சிகோவிலும் பார்த்தது. அந்த ஒப்பந்தத்தை எழுதுகிறவர்கள் என்னைக் கேட்டால் ஒரு எண்ணைத்தான் தருவேன். மொன்டாரா ஓடியது 74 நாள். மண்டபத்தில் ஒரு அறுப்பு 45 நாள். வழக்கு முடியும்வரை காத்திராமல், முதல் இடைக்காலத் தொகை கரைக்கு வந்து சேர வேண்டிய கெடு அந்த 45 நாள்தான். தொகையில் விதைப்பாசியின் விலையும் சேர்ந்திருக்க வேண்டும்.